அடுப்புக்குள் நின்ற பதினெட்டுப் பலகைகள்

போன மாதம் ஷர்மிகா ஒரு படிவத்தோடு வீட்டுக்கு வந்தாள். கிளிநொச்சி மாவட்டத்தில் உள்ள சிறிய உயர் தொழில்நுட்ப உற்பத்தி நிலையங்களின் சிக்கல்களை அறிய அரசாங்கம் விரும்புகிறதாம். எங்கள் பட்டறையின் பெயர்ப்பலகை கண்டி வீதியோரம் இன்னும் நிற்கிறது, படலை பூட்டியிருக்கிறது. கடைசிப் பொறுப்பாளர் நான் என்பதால் படிவம் முரசுமோட்டைக்கு என்னைத் தேடி வந்தது. ஏழாவது கட்டம் மின்சக்திக் கொள்கை. எட்டாவது கட்டம் ஆளணி, அதாவது வேலைக்கு ஆட்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி இடம்.

“சுருக்கமா எழுதுங்கோ அக்கா. பின்னேரம் வந்து எடுக்கிறன்,” என்றாள்.

ஷர்மிகாவே எட்டாவது கட்டத்துக்குள் வரவேண்டியவள். எங்களிடம் ஏழு மாதம் வேலை செய்தாள். குறுணி அரிசியை விடச் சிறிய பாகங்களைச் சாமணத்தால் எடுத்துப் பலகையில் வைக்கும் கை அவளுக்கு மூன்று மாதத்தில் வந்துவிட்டது. அரசாங்க நியமனக் கடிதம் வந்த அடுத்த நாளே போனாள். அவளைக் குறை சொல்லவில்லை. பட்டறையில் யார் வேலை செய்தாலும் வீட்டில் அதைக் ‘கொம்பனி வேலை’ என்பார்கள். சம்பந்தம் பேச வருகிறவர்கள், “அப்ப அரசாங்க உத்தியோகம் இல்லையோ?” என்று கேட்டுவிட்டுத் தேநீரைக் குடித்து முடிப்பார்கள். என் அம்மா அந்தக் கேள்விக்குப் பதிலாக என் சான்றிதழ்களை அலுமாரியிலிருந்து எடுத்துக் காட்டுவார். அவருக்கு அவற்றை வாசிக்கத் தெரியாது, ஆனால் எது எதற்குரியது என்று நிறத்தை வைத்துச் சொல்வார்.

எனக்கு முப்பத்திரண்டு வயது. ஓய்வு பெற்றவள் என்று சொன்னால் சிரிப்பீர்கள். ஆனால் நான் படித்த வேலை இந்த மாவட்டத்தில் இனி இல்லை. இதற்கு வேறு சொல் எனக்குத் தெரியவில்லை.

படித்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அப்பா மற்றவர்களின் வயலில் கூலி. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முழுதாகப் போனவள் நான்தான். இடையில் இடம்பெயர்ந்தோம், முகாமில் இருந்தோம், திரும்பி வந்து சாதாரண தரம் எழுதினேன், உயர்தரம் எழுதினேன், தொழில்நுட்பக் கல்லூரியில் இலத்திரனியல் டிப்ளோமா முடித்தேன். முதல் சம்பளத்துக்கு நானே கையெழுத்து வைத்ததை அப்பாவிடம் சொன்னபோது, அவர் கேட்டது எவ்வளவு என்றல்ல. “பேனையாலயோ?” என்றுதான் கேட்டார். அவருக்குப் பெருவிரல்தான் கையெழுத்து. எங்கள் குடும்பத்தின் முதல் கையெழுத்து என்னுடையது. அதில் எனக்குப் பெருமை இருந்தது, இப்போதும் இருக்கிறது. அந்தக் கையெழுத்து எங்கே போய் நின்றது என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

நாங்கள் மின்சுற்றுப் பலகைகள் செய்தோம். தீப்பெட்டி அளவான பச்சைப் பலகை. மருந்துகள் வைக்கும் குளிர்ப்பெட்டியில் சூடு ஏறினால் சத்தம் போடும் கருவிக்கு உள்ளே வைப்பது. கொழும்பில் ஒரு நிறுவனம் வாங்கி வெளிநாட்டுக்கு அனுப்பியது. பதினாலு பேர் வேலை செய்தோம், அதில் பதினொரு பேர் பெண்கள்.

வேலையின் உயிர் அடுப்பு. பலகையில் உலோகத்தூள் கலந்த பற்றாசுப் பசை பூசி, பாகங்களை வைத்து, அடுப்பின் வாயில் விடவேண்டும். உள்ளே ஒரு சங்கிலிப் பட்டி ஊர்ந்து போகும். முதலில் இளஞ்சூடு, பிறகு கடும் சூடு, பிறகு ஆறுதல். ஐந்தரை நிமிடத்தில் மறுபக்கம் வந்து விழும்போது பசை உருகி இறுகி, பாகங்கள் ஒட்டியிருக்கும். கடும் சூட்டில் ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல் நிற்கவேண்டும். கூட நின்றால் பாகங்கள் வெந்துபோகும். சூடு குறைந்தால் பசை ஒட்டியது போலத் தெரியும், ஆனால் ஒட்டியிருக்காது. ஈயம் கலக்காத பசை எப்போதுமே மங்கலாகத்தான் இருக்கும் என்பதால் கண்ணால் பார்த்து நல்லது கெட்டது சொல்ல முடியாது. அதற்காகத்தான் அடுப்பிலே ஓர் அலாரம் இருந்தது. சூடு எல்லைக்குக் கீழே இறங்கினால் சிவப்பு விளக்கு எரியும், புதுப் பலகையை உள்ளே விடக்கூடாது.

பரந்தாமன் சேர்தான் முதலாளி, பொறியியலாளர், எல்லாம். வெளிநாட்டில் படித்து, அங்கே வேலையும் பார்த்து, ஊருக்கு ஏதாவது செய்யவேண்டும் என்று வந்தவர். செருப்பை வெளியே கழற்றிவிட்டு, உடம்பின் நிலைமின் பாகங்களில் பாயாமல் இருக்க மணிக்கட்டில் கம்பிப் பட்டியைக் கட்டிக்கொண்டு, எங்களோடு வரிசையில் நின்றுதான் உள்ளே வருவார். ஒருநாளும் சத்தம் போட்டதில்லை. பிழை நடந்தால் கதிரையை இழுத்து எங்களுக்குப் பக்கத்தில் இருந்து, “பேப்பரில என்ன இருக்கு, பிள்ளை?” என்று கேட்பார். பேப்பரில் இல்லாதது அவருக்கு நடக்காத ஒன்று. அந்தக் குணத்தை நான் மதித்தேன். நான் பேப்பரால் மேலே வந்தவள் அல்லவா.

மின்சாரம் எங்களோடு தொடக்கத்திலிருந்தே மல்லுக்கட்டியது. அரிசி ஆலையும் நாங்களும் ஒரே லைனில் இருந்தோம். ஆலை மோட்டரைப் போட்டால் எங்கள் விளக்குகள் ஒருமுறை கண்ணை மூடித் திறக்கும். தனி டிரான்ஸ்போமர் கேட்டு சேர் எழுதிய கடிதங்களுக்கு ஒரு கோப்பே இருந்தது. ஒவ்வொரு பதிலிலும் கவனத்தில் எடுக்கப்பட்டுள்ளது என்று இருக்கும். பிறகு ஆலைக்காரரோடு வாயால் பேசி ஓர் ஒழுங்குக்கு வந்தோம். காலையில் ஆலை, மத்தியானத்துக்குப் பிறகு அடுப்பு. அந்த ஒழுங்கு அறுவடைக் காலத்தில் நிற்காது. நெல் மூட்டைகளோடு உழவியந்திரங்கள் வரிசையில் நிற்கும்போது அவர் எங்களுக்காக ஆலையை நிறுத்துவாரா?

நாட்டில் எரிபொருள் வரிசை நின்ற வருடம் அதற்கும் மேலால் மின்வெட்டு வந்தது. ஒவ்வொரு பகுதிக்கும் ஓர் எழுத்து. காலையில் கைத்தொலைபேசியில் எங்கள் எழுத்துக்கு எத்தனை மணி என்று பார்த்துவிட்டுத்தான் முகம் கழுவுவோம். அடுப்பு சூடேற முக்கால் மணி நேரம் வேண்டும். இரண்டு மணி நேரம் மின்சாரம் தந்து இரண்டு மணி நேரம் நிறுத்தினால் எங்களுக்குக் கிடைப்பது ஒன்றேகால் மணி. அட்டவணையை மீறி நிறுத்தினால் அதுவும் இல்லை. மின்சாரம் போனாலும் பட்டி மட்டும் ஓடுவதற்கு அடுப்பில் ஒரு பற்றரி இருந்தது. அது செத்துப்போனது. புதியது இறக்குமதி செய்ய அனுமதி இல்லை என்றார்கள். மிஞ்சியது அடுப்பின் வாலில் இருந்த ஒரு கைப்பிடி. மின்சாரம் போனால் அதைப் பிடித்துப் பட்டியைக் கையால் சுற்றவேண்டும். மெதுவாகச் சுற்றினால் பலகை கருகும், வேகமாகச் சுற்றினால் உருகாது.

இங்கேதான் டெல்சியா வருகிறாள். கொக்கிளாய்ப் பிள்ளை, தகப்பன் களப்பில் மீன்பிடித் தொழில் செய்கிறவர். சாதாரண தரத்தோடு படிப்பை நிறுத்திவிட்டு, கிளிநொச்சியில் ஓர் அறையில் தங்கி வேலைக்கு வந்தாள். நான்கு வருடம் அடுப்பின் வாலில் நின்றவள் அவள்தான். தூசி வராமல் இருக்க எங்கள் அறைக்கு யன்னல் இல்லை. மின்சாரம் போனால் உச்சி வெயிலிலும் உள்ளே இருட்டு. கடிகாரம் பார்த்துச் சுற்றும்படி சேர் சொல்லித்தந்தார். இருட்டில் ஒருத்தி டோர்ச் பிடிக்க, ஒருத்தி விநாடி எண்ண, கைப்பிடி பிடித்தவள் பதறிப் பதறி வேகமாகச் சுற்றுவாள். நானும் அப்படித்தான் சுற்றினேன்.

டெல்சியா எண்ணவில்லை. மனதுக்குள், மாதாவுக்குச் சொல்லும் அருள்நிறை மந்திரம் சொன்னாள். ஒரு மந்திரத்துக்கு இரண்டு சுற்று. நாங்கள் கடிகாரம் வைத்துப் பார்த்தோம். ஐந்தரை நிமிடத்தில் இரண்டு விநாடிகூடப் பிசகவில்லை. “எண்ணினால் பயம் வரும் அக்கா, செபம் சொன்னால் கை தன்ர பாட்டில போகும்,” என்றாள். பிறகு எல்லோரும் அதைப் பழகினோம். பிள்ளையாரைக் கும்பிடுகிற நாங்கள் ஆறு பேர் இருட்டில் நின்று அருள்நிறை மந்திரம் சொன்னோம். “கடைசியில உங்கள் எல்லாரையும் மாதா கோயில் பக்கம் கொண்டுவந்திட்டன்,” என்று அவள் சிரிப்பாள். விருந்தினர் வந்தால் சேர் அவளைக் கூப்பிட்டுச் சுற்றிக் காட்டச் சொல்வார். எங்கள் பிள்ளைகளின் கண்டுபிடிப்பு என்பார். அந்தச் சொல் எந்தப் பேப்பரிலும் ஏறவில்லை.

அந்த வருட அறுவடை நேரம் அலாரம் ஓயவே இல்லை. ஆலை ஓடும், மின்னழுத்தம் விழும், அடுப்பின் சூடு இறங்கும், சிவப்பு விளக்கு எரியும். மின்சாரம் இருக்கிற ஒன்றேகால் மணியும் இப்படிப் போனால் வேலை எப்படி நடக்கும்? ஒரு காலை சேர் கதிரையை இழுத்து எனக்குப் பக்கத்தில் இருந்தார். அலாரத்தின் எல்லையைக் கொஞ்சம் கீழே இறக்கச் சொன்னார். அடுப்பின் கணினிக்குக் கடவுச்சொல் எனக்கும் அவருக்கும் மட்டும்தான் தெரியும். சூடு ஐந்து பாகை குறைந்தாலே அலாரம் என்று இருந்த இடத்தில் இருபத்தைந்து என்று அடித்தேன். சிவப்பு விளக்கு அணைந்தது. எல்லோருக்கும் நிம்மதி. டெல்சியாகூட, “அப்பாடா, இந்தப் பிசாசு வாயை மூடிச்சுது,” என்றாள்.

மூன்றாம் நாள் மத்தியானம், அட்டவணைக்கு நாற்பது நிமிடம் முன்பாக மின்சாரம் போனது. அடுப்புக்குள் பதினெட்டுப் பலகைகள் நின்றன. நான் டோர்ச் பிடித்தேன். டெல்சியா கைப்பிடியைப் பிடித்தாள். அவளுடைய உதடு அசைவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒவ்வொன்றாகப் பதினெட்டும் வந்து விழுந்தன. தொடர் இலக்கங்களை நான் பேப்பரில் எழுதி, ‘கையால் சுற்றியது’ என்று குறிப்பும் எழுதினேன்.

நான்கு மாதத்துக்குப் பிறகு ஐந்து பலகைகள் திரும்பி வந்தன. பாகங்கள் சரியாக ஒட்டவில்லை. கொழும்பிலிருந்து தர அதிகாரி ஒருவர் வந்தார். என் பேப்பரை எடுத்துப் பார்த்தார். ‘கையால் சுற்றியது’ என்ற வரியில் அவர் விரல் நின்றது. டெல்சியாவைக் கூப்பிட்டார்கள். அவளுக்கு ஆங்கிலமும் சிங்களமும் தெரியாது. நான் மொழிபெயர்த்தேன்.

எந்த வேகத்தில் சுற்றவேண்டும் என்று அவளுக்கு எப்படித் தெரியும் என்று அவர் கேட்டார்.

டெல்சியா என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு, “செபம் சொல்லித்தான் எண்டு சொல்லுங்கோவன் அக்கா,” என்றாள்.

நான் அப்படியே சொன்னேன். வசனம் பிழைக்காமல், நல்ல ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் பேனையை நிறுத்திவிட்டு சேரைப் பார்த்தார். சேர் மேசையைப் பார்த்தார். கடிகாரம் வைத்து நாங்கள் சோதித்ததை நான் சொல்லியிருக்கலாம். ஐந்தரை நிமிடத்துக்கு இரண்டு விநாடி என்று சொல்லியிருக்கலாம். அந்த நேரம் என் கவனம் முழுவதும் அடுத்த கேள்வி விளங்கவேண்டுமே என்பதில்தான் இருந்தது. பிரார்த்தனை செய்து அடுப்பை இயக்குகிறார்கள் என்று அவர் எழுதினார். அந்த வரியை நான் எதிரே இருந்து தலைகீழாக வாசித்தேன்.

அவர் போன பிறகு திரும்பி வந்த ஐந்தின் தொடர் இலக்கங்களையும் என் பேப்பரோடு ஒப்பிட்டேன். மூன்று அந்தப் பதினெட்டுக்குள் இருந்தன. இரண்டு இல்லை. அந்த இரண்டும் மின்சாரம் போவதற்கு முன்பே, பட்டி தானாக ஓடும்போதே வெளியே வந்தவை. டெல்சியாவின் கை அவற்றில் படவே இல்லை. பிழை சுற்றியதில் இல்லை, சூட்டில். அந்த நேரம் ஆலை ஓடியது. எல்லை இறக்காமல் இருந்திருந்தால் சிவப்பு விளக்கு எரிந்திருக்கும்.

பேப்பரைக் கொண்டுபோய் சேரிடம் வைத்தேன். அவர் இலக்கங்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்தார். அவருக்கு விளங்கியது. விளங்காமல் இருக்க அவர் முட்டாள் அல்ல.

“இரண்டுதானே பிள்ளை,” என்றார்.

“ஒண்டெண்டாலும் போதும் சேர்.”

“அலாரத்தை நாங்களே இறக்கினம் எண்டு எழுதினால் ஓடர் போயிடும். பதினாலு பேரின்ர வேலை. கைப்பிடி எண்டு எழுதினால் ஒராள்.”

அதற்குப் பிறகு அவர் ஒன்றும் வற்புறுத்தவில்லை. பிழைக்கான காரணம் என்ற படிவத்தை என் பக்கம் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டார். இயக்குபவரின் தவறு, சீரற்ற கைச்சுழற்சி என்று தட்டச்சு செய்திருந்தது. கீழே பொறுப்பாளர் கையொப்பம். யாரும் என் கையைப் பிடித்து வைக்கவில்லை. பேனையால்தான் வைத்தேன்.

வேலையிலிருந்து நிறுத்தியபோது டெல்சியா அழவில்லை. மேலங்கியை மடித்து வைத்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள். நான்கு வருடம் அடுப்பில் வேலை செய்தேன் என்று ஒரு சேவைக் கடிதம். தெற்கில் ஓர் இலத்திரனியல் தொழிற்சாலைக்கு ஆள் எடுக்கிறார்கள், அதைக் கேட்கிறார்கள் என்றாள். விசாரணை முடியும்வரை கடிதம் கொடுக்க முடியாது என்று சேர் சொல்லச் சொன்னார். நான் சொன்னேன். விசாரணை எப்போதோ முடிந்திருந்தது.

ஓர் ஆளைக் கொடுத்துக் காப்பாற்றிய பதிமூன்று பேருக்கும் என்ன நடந்தது என்பதையும் சொல்லவேண்டும். அடுப்பின் வாலில் நிற்க ஆள் இல்லை. பழக்கிய பிள்ளைகள், பிழை வந்தால் யார் தலையில் விழும் என்று கண்டுகொண்டார்கள். இரண்டு பேர் ஆடைத் தொழிற்சாலைக்குப் போனார்கள். அங்கே பஸ் இருக்கிறது, ஜெனரேற்றர் இருக்கிறது, தைத்த சட்டை திரும்பி வந்தால் விசாரணை இல்லை. ஒருத்தி கல்யாணம் கட்டிக் கனடா போனாள். ஷர்மிகாவைப் பற்றிச் சொல்லிவிட்டேன்.

சேர் கூரை முழுக்கச் சோலர் தகடு போட்டார். இனி யாரையும் கெஞ்சத் தேவையில்லை என்றார். முதல் மின்வெட்டில் வெளியே தோல் உரிகிற வெயில், உள்ளே இருட்டு. லைனில் மின்சாரம் நின்றால் தகடும் நிற்கும், அது சட்டம், லைனில் வேலை செய்கிறவர்களின் பாதுகாப்புக்காக என்று பூட்டியவர்கள் அப்போதுதான் விளக்கினார்கள். இவ்வளவு படித்த சேருக்கு அது தெரியாமலா இருந்திருக்கும்? நம்ப விரும்பினார் என்றுதான் நினைக்கிறேன். மின்வெட்டிலும் தகடு வேலை செய்யப் பற்றரி வாங்குவதற்கு முன்பு, தகட்டு மின்சாரத்துக்குத் தரும் கட்டண முறை ஒருமுறை மாறியது, மறுமுறையும் மாறியது. பிறகு ஒரு விடுமுறைக் காலத்தில், நாட்டில் மின்சாரம் கூடிவிட்டது, கூரைத் தகடுகளை நிறுத்தி வையுங்கள் என்று கைத்தொலைபேசிக்குச் செய்தி வந்தது. மின்சாரம் இல்லாததால் ஒரு பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிய இடத்தில் நின்று நான் அந்தச் செய்தியை வாசித்தேன். ஏணி வைத்து ஏறி நிறுத்தியதும் நான்தான்.

போன வருடம் அடுப்பை லொறியில் ஏற்றினார்கள். தெற்கில் கைத்தொழில் வலயம் ஒன்றில் மின்சாரம் நிற்காதாம். சேர் என்னையும் வரச் சொன்னார். போகவில்லை. அங்கே அடுப்புக்குக் கைப்பிடி தேவையில்லை, அந்தக் கைப்பிடியைக் கழற்றிப் பழைய இரும்போடு போட்டுவிட்டுப் போனார்கள்.

பட்டறை மூடிய பிறகு மீதியிருந்த கடிதத் தாளில் டெல்சியாவுக்குச் சேவைக் கடிதம் அடித்தேன். புதுக்குடியிருப்பில் இறங்கி, முல்லைத்தீவுக்கு வேறு பஸ் எடுத்து, அங்கிருந்து கொக்கிளாய்க்குப் போனேன். அவள் இறால் கழுவிக்கொண்டு நின்றாள். கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு, நுனியால் பிடித்து வாசித்தாள்.

“இப்ப அந்தத் தொழிற்சாலையில வயசு கூடிப்போச்சு எண்டுதான் சொல்லுவினம்,” என்றாள். பிறகு இன்னொரு முறை வாசித்தாள். “திறமையா வேலை செய்தவ எண்டு போட்டிருக்கிறியள். பிழை என்னில இல்லை எண்டு இல்லையே.”

“சேவைக் கடிதத்தில அது போடுறதில்லை டெல்சியா.”

“அப்ப அது எந்தக் கடுதாசியில அக்கா போடுறது?”

அவளுடைய தாய் தேநீர் கொண்டுவந்தார். குடித்தேன். ஊரில் இன்னமும் அவளை, செபம் சொல்லிக் கொம்பனியைக் கவிழ்த்தவள் என்று பகிடி பண்ணுகிறார்களாம். தாய் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். டெல்சியா இறால் கழுவும் பேசினுக்குத் திரும்பிவிட்டாள்.

ஆகவே ஷர்மிகாவின் படிவத்தில் ஏழாம் கட்டத்தையும் எட்டாம் கட்டத்தையும் ஒரு கோட்டால் சேர்த்தேன். இவை இரண்டும் ஒரே விடயம் என்று எழுதினேன். மின்சாரத்தின் பிழையை ஒரு பெண்ணின் கையில் எழுதினோம், அதனால் ஆள் இல்லாமல் போனது என்று எழுதினேன். வரி போதாமல் ஓரத்திலும் எழுதினேன்.

பின்னேரம் ஷர்மிகா வந்து வாசித்தாள். வாசித்து முடிய என் முகத்தைப் பார்க்கவில்லை. அவளுக்கும் டெல்சியாவைத் தெரியும்.

“இதை இப்பிடியே கணினியில ஏத்தேலாது அக்கா. ஆளணி எண்டால் சம்பளம், போக்குவரத்து, வெளிநாடு போறது, பயிற்சி இல்லாதது, மற்றவை. இந்த அஞ்சுதான் இருக்கு.” பேனையின் மூடியைக் கழற்றினாள். “மற்றவை எண்டு போடட்டோ?”

போடச் சொன்னேன். கீழே கையெழுத்து வைத்துக் கொடுத்தேன்.

டெல்சியா கேட்ட கடுதாசி அது இல்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். அலாரத்தை இறக்கியது என் கை. காரணத்தில் கையெழுத்து வைத்ததும் என் கை. அந்த மத்தியானம் டோர்ச் வெளிச்சத்தில் நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் சரியாகத்தான் சுற்றினாள்.